கிரேஸ் ஹாப்பர் அம்மையார்: ஆய்வாளருக்கும் கணிப்பொறிக்கும் பாலமிட்டவர்

கணிப்பொறி என்றதும் அதனை ஆக்கியோர் பெயர்களும், அதனால் பெருஞ்செல்வம் ஈட்டியோர் பெயர்களுமே முதலில் நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும் பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களில் வேறொரு வகையினரும் ஓசையின்றி உழைக்கின்றனர். வானிலையை ஆராயும் அறிஞருக்கு வானிலை தெரியும். கணிப்பொறியின் நுட்பம் முழுவதும் தெரியவேண்டும் என்பதில்லை. கணிப்பொறியோ இட்ட கட்டளையைச் செய்யும். வானிலை இன்னதென்று அதற்குத் தெரியாது. இவ்விரண்டுக்கும் நடுவே நின்று, அறிஞரின் வினாவைப் பொறுமையோடு கேட்டு, அதனைப் பொறிக்கு ஏற்ற கட்டளைகளாக மாற்றி, பிழை திருத்தி, விடையைச் சரிபார்த்துக் கையில் கொடுப்பவர் ஒருவர் வேண்டும். அவரை இன்று ஆய்வு மென்பொருள் பொறியாளர் என்று அழைக்கின்றனர். அப்பெயர் 2012ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் கூடிய ஒரு பயிலரங்கில் பிறந்தது. ஆனால் அத்தொழிலின் வேர் 1940களிலேயே ஊன்றிவிட்டது. அதனை ஊன்றிய சிலருள் முன்னிற்பவர் அமெரிக்கப் பெண்மணியான கிரேஸ் ஹாப்பர் அம்மையார்.

வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் வேறொரு மொழியுமாக வளரும் நம் மாணவச் செல்வங்களுக்கு, இரு உலகங்களுக்கு நடுவே நின்று ஒன்றை மற்றொன்றுக்கு விளங்கவைத்த இவ்வம்மையாரின் வரலாறு பெரிதும் பயன்தரும் என்று எண்ணி, அதனை இங்கே சுருக்கித் தருகின்றோம்.

இளமையும் கல்வியும்

கிரேஸ் 1906 டிசம்பர் 9ஆம் நாள் நியூயார்க் நகரில் மரே குடும்பத்தின் மூத்த குழந்தையாகப் பிறந்தார். தந்தையார் காப்பீட்டுத் தொழில் செய்தவர். தாயார் கணிதத்தில் ஆர்வம் மிக்கவர். ஆனால் அவர் இளமையில் பெண்களுக்கு உயர்கல்வி எளிதில் கிட்டவில்லை. கிரேஸுக்கு ஏழு வயதானபோது நடந்த ஒரு நிகழ்ச்சி பலராலும் சொல்லப்படுவது. மணியடிக்கும் கடிகாரம் எவ்வாறு இயங்குகிறது என்று காண விரும்பிய சிறுமி, கோடை இல்லத்தில் இருந்த ஒன்றைப் பிரித்துப் பார்த்தாள். மீண்டும் பூட்டத் தெரியவில்லை. எப்படிப் பூட்டுவது என்றறிய அடுத்த கடிகாரத்தைப் பிரித்தாள். இவ்வாறு ஏழு கடிகாரங்கள் பிரிந்து கிடந்ததைத் தாயார் கண்டார். அவர் மகளைத் தண்டிக்கவில்லை. இனி ஒரு கடிகாரத்தை மட்டுமே பிரிக்கலாம் என்று வரையறை செய்தார். குழந்தையின் ஆர்வத்தை அணைக்காமல் அதற்குக் கரை கட்டிய அத்தாயின் செயல் பெற்றோராகிய நம் எல்லோருக்கும் பாடமாகும்.

தந்தையார் நோயினால் கால்களை இழந்தவர். தமக்குப் பின் பிள்ளைகள் தம் காலில் நிற்க வேண்டும் என்று கருதி, மகனுக்கு அளித்த கல்வியையே இரு மகளிருக்கும் அளிக்க உறுதி பூண்டார். கிரேஸ் முதன்முறை வாசர் கல்லூரிக்கு முயன்றபோது இலத்தீன் தேர்வில் தவறினார். அடுத்த ஆண்டு மீண்டும் முயன்று சேர்ந்து, 1928இல் கணிதத்திலும் இயற்பியலிலும் பட்டம் பெற்றார். யேல் பல்கலைக்கழகத்தில் 1930இல் முதுகலைப் பட்டமும் 1934இல் கணிதத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். இடையில் வின்சென்ட் ஹாப்பர் என்பவரை மணந்து ஹாப்பர் என்னும் பெயரைக் கொண்டார். அம்மணவாழ்வு 1945இல் முறிந்தது. பெயர் மட்டும் நிலைத்தது.

நல்லாசிரியர்

1931இல் தாம் பயின்ற வாசர் கல்லூரியிலேயே ஆசிரியப் பணி ஏற்றார். தொடக்கத்தில் ஆண்டுச் சம்பளம் 800 டாலர். அங்கே அவர் செய்த இரண்டு காரியங்கள் பிற்காலப் பணிக்கு அடித்தளம் ஆயின.

முதலாவது, கணித மாணவியரைக் கட்டுரை எழுதச் செய்தார். ஒரு சூத்திரத்தைக் கற்பித்துவிட்டு, அதனை விளக்கி எழுதிவருமாறு பணிப்பார். கணித வகுப்பில் கட்டுரை எதற்கு என்று மாணவியர் முணுமுணுத்தனர். தாம் அறிந்ததைப் பிறருக்கு எடுத்துச் சொல்ல இயலாதவருக்குக் கணிதம் கற்றும் பயனில்லை என்பது அம்மையாரின் துணிபு.

இரண்டாவது, தாம் ஆசிரியராக இருந்துகொண்டே பிற துறை வகுப்புகளில் மாணவியோடு மாணவியாய் அமர்ந்து பாடம் கேட்டார். ஒவ்வொரு துறையினரும் எவ்வாறு பேசுகின்றனர், எதனைச் சிக்கல் என்கின்றனர், எதனை விடை என்று ஏற்கின்றனர் என்பதை அவர் இவ்வழியே அறிந்தார். பின்னாளில் பற்பல துறை அறிஞர்கள் தத்தம் வினாக்களோடு அவரிடம் வந்தபோது, அவரவர் மொழியிலேயே பேசும் ஆற்றல் இதனால் வாய்த்தது.

1941இல் கல்லூரி அளித்த விடுப்பில் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் கூரன்ட் என்னும் பெருங்கணித அறிஞரிடம் பகுதி வகையீட்டுச் சமன்பாடுகளைக் கற்றார். காற்றின் ஓட்டம், வெப்பத்தின் பரவல், வெடியின் அதிர்ச்சி ஆகியவற்றை எழுதிக்காட்டும் கணிதம் அது. அக்கல்வி எங்கே பயன்படும் என்று அன்று அவர் அறிந்திருக்க மாட்டார்.

கடற்படையில் சேர்தல்

1941 டிசம்பரில் அமெரிக்கா போரில் இறங்கியது. அம்மையாரின் பாட்டனாருடைய தலைமுறைக்கு முன்னோர் ஒருவர் கடற்படையில் உயர் பதவி வகித்தவர். அவ்வழியில் தாமும் கடற்படையில் சேர விரும்பினார். தடைகள் மூன்று வந்தன. வயது முப்பத்தைந்தை எட்டிக்கொண்டிருந்தது. உடல் எடை விதித்த அளவுக்குக் குறைவு. கணிதப் பேராசிரியர் என்பதால் கல்லூரிப் பணியே நாட்டுக்கு இன்றியமையாதது என்றனர். அவர் சோர்ந்துவிடவில்லை. எடைக்கு விதிவிலக்குப் பெற்று, கல்லூரியிலும் விடுப்புப் பெற்று, 1943 டிசம்பரில் மகளிர் சேமப்படையில் சேர்ந்தார். பயிற்சியில் தம் அணியில் முதலிடம் பெற்று 1944இல் படையதிகாரி ஆனார்.

அவரை ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் கடற்படைக்காக இயங்கிய கணக்கீட்டுத் திட்டத்துக்கு அனுப்பினர். அங்கே ஹோவர்ட் எய்க்கன் என்னும் பேராசிரியர், படையதிகாரியுமாக இருந்து, மார்க் ஒன்று என்னும் மாபெரும் பொறியை நடத்திவந்தார்.

மார்க் ஒன்று

அப்பொறி 51 அடி நீளமும் 8 அடி உயரமும் உடையது. ஏறத்தாழ ஐந்து டன் எடை. அதனுள் ஓடிய கம்பியின் நீளம் சுமார் 500 மைல். ஐ.பி.எம். நிறுவனம் செய்தளித்தது. சுழலும் தண்டுகளாலும் மின்விசைத் தொடுப்பிகளாலும் இயங்கிய அது, 23 இலக்க எண்களைக் கையாண்டது. வினாடிக்கு மூன்று கூட்டல் செய்யும். ஒரு பெருக்கலுக்கு ஆறு வினாடி வேண்டும். இன்று சிறுவர் கையில் உள்ள விளையாட்டுக் கருவியோடு ஒப்பிட்டாலும் இது நத்தையின் வேகமே. ஆயினும், மேசைக் கணக்கிகளோடு பல பேர் மாதக்கணக்கில் செய்த வேலையை இரவு பகல் ஓயாமல் செய்யவல்ல பொறி அன்று அரிதினும் அரிது.

அதற்குக் கட்டளை தருவது எளிதன்று. துளையிட்ட காகித நாடாவில் ஒவ்வொரு செயலையும் ஒரு வரிசைத் துளைகளாகக் குறித்தல் வேண்டும். இவ்வாறு கட்டளை நிரல் எழுதுவதற்கு அன்று பாடநூல் இல்லை, பள்ளி இல்லை, பட்டமும் இல்லை. ரிச்சர்ட் பிளாக், ராபர்ட் கேம்ப்பெல் என்னும் இளம் அதிகாரிகள் இருவரே அக்கலையைப் பழகியிருந்தனர். அம்மையார் மூன்றாமவராகச் சேர்ந்தார். வந்த நாளிலேயே எய்க்கன் அவருக்கு ஒரு கணக்கைக் கொடுத்து, ஒரு வாரத்துக்குள் முடிக்குமாறு ஆணையிட்டார். தம்மினும் பல ஆண்டு இளையவர்களிடம் முனைவர் பட்டம் பெற்ற அவர் கூசாமல் பாடம் கேட்டுக் கற்றுக்கொண்டார்.

பீரங்கிக் குண்டின் பாதை, கண்ணிவெடிகளை அகற்றும் முறை, கணித அட்டவணைகள் எனக் கணக்குகள் பல வந்தன. கேட்பவருக்குத் தம் துறை தெரியும். பொறியின் இயல்பு தெரியாது. ஒரு சமன்பாட்டைத் தாளில் எழுதுவது வேறு. கூட்டல், பெருக்கல் போன்ற செயல்களையே அறிந்த பொறிக்கு அதனைப் படிப்படியாய்ப் பிரித்துக் கொடுப்பது வேறு. அம்மையாரும் தோழர்களும் செய்த பணி இந்தப் பிரித்துக்கொடுக்கும் பணியே.

1944இல் ஜான் வான் நாய்மன் என்னும் பேரறிஞர் ஒரு கணக்கோடு வந்தார். அது ஒரு கோளம் உள்நோக்கி வெடித்து ஒடுங்குவதைப் பற்றிய பகுதி வகையீட்டுச் சமன்பாடு. கூரன்ட்டிடம் பெற்ற கல்வி அம்மையாருக்கு இங்கே கைகொடுத்தது. பிளாக்கும் அவரும் அக்கணக்கைப் பொறியில் ஓட்டிக் கொடுத்தனர். அது எதற்கு என்று அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. 1945 ஆகஸ்ட் 9ஆம் நாள் நாகசாகி நகரின்மீது வீசப்பட்ட அணுகுண்டு அந்த உள்வெடிப்பு முறையால் இயங்கியது என்று பின்னரே அறிந்தனர்.

ஆய்வாளருக்குத் துணைநிற்போர் யாவரும் சிந்திக்க வேண்டிய இடம் இது. கணக்கு சரியா என்று பார்ப்பது அவர் கடமை. அக்கணக்கு எவ்விடம் செல்கிறது என்பது பல சமயம் அவர் கண்ணுக்கு எட்டுவதில்லை. போர்க்காலத்தில் கேட்கவும் இயலாது. கேட்கக்கூடிய காலத்தில் வாழும் நாமேனும் கேட்கப் பழகுதல் நன்று.

கையேடும் குறிப்பேடும்

ஒருநாள் எய்க்கன் அம்மையாரை அழைத்து, இப்பொறிக்கு ஒரு கையேடு எழுதுமாறு பணித்தார். அவர் மறுத்துப் பார்த்தார். கடற்படையில் மறுப்புக்கு இடம் ஏது? நாள்தோறும் சில பக்கங்கள் எழுதி எய்க்கனுக்குப் படித்துக் காட்டுவார். 1946இல் ஐந்நூறு பக்கங்களுக்கு மேற்பட்ட நூலாக அது வெளிவந்தது. பொறியின் அமைப்பு, கட்டளைக் குறிகள், எடுத்துக்காட்டுக் கணக்குகள் ஆகிய அனைத்தும் அதில் இருந்தன. பொறியை நேரில் காணாத ஆய்வாளரும் அதனைப் படித்துத் தம் கணக்கை ஆயத்தம் செய்ய முடிந்தது. ஆனால் நூலின் முகப்பில் ஆசிரியராகக் கணக்கீட்டு ஆய்வகப் பணியாளர் என்னும் பொதுப்பெயரே அச்சிடப்பட்டது.

கையேட்டைக் காட்டிலும் சிறியது மற்றொன்று. அதுவே பின்னாளில் பெரிதாயிற்று. சைன் மதிப்பைக் காணும் கட்டளைத் தொகுதி, வர்க்கமூலம் காணும் தொகுதி என ஒரு முறை எழுதிச் சரியென்று கண்டவற்றை அவர்கள் குறிப்பேடுகளில் எழுதி வைத்தனர். ஒருவருக்கு வேண்டியபோது மற்றவர் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்து எழுதிக்கொள்வார். இவற்றையே இன்று துணைநிரல் என்கிறோம். இதில் அம்மையார் ஓர் உண்மையைக் கண்டார். மனிதர் பார்த்து எழுதுவதில் வல்லவர் அல்லர். டெல்டா என்னும் கிரேக்கக் குறியை 4 என்று எழுதிவிடுவர். ஆங்கில பி எழுத்தை 13 என்று எழுதிவிடுவர். ஒரு துளை தவறினால் ஓரிரவு உழைப்பு வீணாகும். அவ்வாறாயின், பார்த்து எழுதும் வேலையைச் சற்றும் சலிக்காத பொறியிடமே விட்டால் என்ன? இவ்வெண்ணம் அவர் உள்ளத்தில் விதையாக விழுந்தது.

1947 செப்டம்பர் 9ஆம் நாள் மார்க் இரண்டு என்னும் அடுத்த பொறி நின்றுபோயிற்று. பணியாளர் தேடியபோது தொடுப்பி ஒன்றில் அந்துப்பூச்சி ஒன்று சிக்கி இறந்து கிடந்தது. அதனை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டிவைத்தனர். பொறிக்குறையைப் பூச்சி என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொல்லால் குறிக்கும் வழக்கம் அதற்கு நெடுங்காலம் முன்பே எடிசன் காலத்தில் இருந்தது. பூச்சியைக் கண்டெடுத்தவரும் அம்மையார் அல்லர். ஆனால் அக்கதையை உலகெங்கும் சொல்லிப் பரப்பியவர் அவரே. அப்பதிவேடு அமெரிக்க வரலாற்றுத் தேசிய அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது. எது தவறியது, எப்போது தவறியது, எவ்வாறு சரியாயிற்று என்று அன்றே எழுதிவைக்கும் நல்வழக்கத்துக்கு அது சான்று.

பொறிக்கு அளித்த கல்வி

போர் முடிந்ததும் வாசர் கல்லூரி அவருக்குப் பேராசிரியர் பதவி தர முன்வந்தது. அதனை விடுத்து, ஹார்வர்டிலேயே ஆய்வாளராகத் தங்கினார். ஆனால் அங்கே அவருக்கு நிலையான பதவி கிடைக்க வழியில்லை. ஐந்தாண்டு அரும்பணிக்குப் பின் 1949இல் அவர் வெளியேற நேர்ந்தது. பல்கலைக்கழகம் ஆய்வாளரைப் போற்றும். ஆய்வாளருக்குக் கைகொடுப்பவருக்கு இருக்கை தரத் தயங்கும். இக்குறை அன்றோடு தீர்ந்துவிடவில்லை.

அவ்வாண்டே பிலடெல்பியா நகரில் எக்கர்ட், மாக்லி என்னும் இருவர் தொடங்கிய கணிப்பொறி நிறுவனத்தில் கணித அறிஞராகச் சேர்ந்தார். யூனிவாக் என்னும் பொறி அங்கே உருவாகிக்கொண்டிருந்தது. மறு ஆண்டு ரெமிங்டன் ராண்ட் நிறுவனம் அதனை வாங்கியது. கணிப்பொறிகள் விற்பனைக்கு வந்தால் அவற்றுக்குக் கட்டளை எழுதும் கணித அறிஞர்களுக்கு எங்கே போவது? இக்கேள்விக்கு விடையாக, குறிப்பேட்டுக் காலத்தில் விழுந்த விதை முளைத்தது.

சரிபார்த்த துணைநிரல்களைக் காந்த நாடாவில் பதித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அழைப்புக் குறி கொடுத்தார். ஆய்வாளர் வேண்டிய குறிகளை வரிசையாக எழுதினால் போதும். பொறியே அவற்றைத் தேடி எடுத்து, இடம் ஒதுக்கி, ஒன்றோடொன்று பொருத்தி, முழு நிரலாக்கித் தரும். ஏ-சுழியம் என்று பெயரிட்ட இதனையே அவர் கம்பைலர், அதாவது தொகுப்பி, என்றார். 1952 மே மாதம் பிட்ஸ்பர்க்கில் நடந்த கணிப்பொறி அறிஞர் மாநாட்டில் இதனைக் கட்டுரையாக அளித்தார். இன்றைய அளவுகோலில் அது முழுமையான தொகுப்பி ஆகாது. நிரல்களைத் தேடி இணைக்கும் கருவி என்றே கூறுவர். ஆயினும் நிரல் எழுதுவதற்கு நிரலையே துணைக்கொள்ளும் வழியை அது காட்டிற்று. கணிப்பொறி கணக்கு மட்டுமே செய்யும், நிரல் எழுதாது என்று கூறி, பலர் நெடுநாள் இதனை ஏற்கவில்லை.

இவ்வழியில் அவர் தனித்து நடந்தார் என்று கூறுதல் நேர்மையாகாது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மாரிஸ் வில்க்ஸ், டேவிட் வீலர், ஸ்டான்லி கில் ஆகியோர் எட்சாக் என்னும் பொறிக்குத் துணைநிரல் நூலகம் அமைத்து, 1951இல் அதுபற்றி நூலும் வெளியிட்டனர். அங்கே பல துறை ஆய்வாளர்களும் அப்பொறியைப் பயன்படுத்தினர். 1957இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஜான் பாக்கஸ் குழுவினர் அளித்த ஃபோர்ட்ரான் மொழி அறிவியலாளரின் பொதுமொழி ஆயிற்று. ஆறு பத்தாண்டுகளுக்கு மேலாகியும் வானிலை, இயற்பியல் ஆய்வுக்கூடங்களில் அது வழங்கிவருகிறது.

ஹாப்பர் அம்மையாரின் தனிச்சிறப்பு யாதெனில், பயன்படுத்துவோரை அவர் உடன்பணியாளராகக் கருதியதே. 1953இல் ஏ-இரண்டு என்னும் தொகுப்பியை வாடிக்கையாளருக்கு அனுப்பியபோது, அதன் மூலநிரலையும் உடன் அனுப்பினார். திருத்தங்களும் மேம்பாடுகளும் இருந்தால் எழுதி அனுப்புமாறு கேட்டுக்கொண்டார். மூலத்தைத் திறந்துவைத்துப் பலரும் கூடித் திருத்தும் பிற்கால வழக்கத்துக்கு இது ஒரு முன்னோடி.

சொல்லால் ஆன நிரல்

அவருடைய அடுத்த படி இன்னும் துணிவானது. எல்லோரும் குறியீடுகளை விரும்புவதில்லை. பலர் சொற்களையே விரும்புகின்றனர் என்பதை அவர் கண்டிருந்தார். ஆகவே ஆங்கிலச் சொற்களால் கட்டளை எழுதலாம் என்று முன்மொழிந்தார். மேலதிகாரிகளுக்குச் செய்து காட்டும்போது, அதே நிரலைப் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் எழுதி ஓட்டிக் காட்டினார். அதிகாரிகள் திடுக்கிட்டனர். அமெரிக்காவில் செய்த பொறி பிரெஞ்சையும் ஜெர்மனையும் எவ்வாறு அறியும் என்று கருதி, திட்டத்துக்கே தடை விதிக்க எண்ணினர். ஆங்கிலம் மட்டுமே என்று உறுதி கூறி அவர் தப்பவேண்டியதாயிற்று. உண்மையில் பொறிக்கு எம்மொழியும் சொந்தமன்று. எம்மொழியும் அயலும் அன்று. எல்லாம் அதற்குக் குறிகளே. தமிழ் படிப்பதால் கணிப்பொறிக் கல்வி தடைப்படுமோ என்று அஞ்சும் பெற்றோர் இதனை நினைவிற்கொள்ளலாம்.

இம்முயற்சியால் ஃப்ளோமேட்டிக் என்னும் மொழி பிறந்தது. 1959 மே மாதம் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைத் தலைமையகத்தில், பல நிறுவனங்களும் அரசும் கூடிப் பொதுவானதொரு மொழியைச் செய்யத் தீர்மானித்தன. அதன் விளைவே கோபால் மொழி. அதனை ஒரு குழுவே ஆக்கியது. அம்மையார் ஆலோசகராக விளங்கினார். ஃப்ளோமேட்டிக் அதற்கு வலுவான முன்மாதிரி ஆயிற்று. 1960 டிசம்பரில் ஒரே கோபால் நிரலை வெவ்வேறு நிறுவனங்கள் செய்த இரு பொறிகளில் ஓட்டிக் காட்டினர். பொறி மாறினாலும் உழைப்பு அழியாது என்னும் நம்பிக்கை அன்று பிறந்தது.

ஓய்வறியா முதுமை

1966 இறுதியில் அறுபது வயதில் கடற்படைச் சேமப்படையிலிருந்து ஓய்வு பெற்றார். அது தம் வாழ்வின் துயரமிக்க நாள் என்று அவர் கருதினார். ஆனால் 1967 ஆகஸ்டில் கடற்படை அவரை ஆறு மாதத்துக்கு என்று மீண்டும் அழைத்தது. அந்த ஆறு மாதம் பத்தொன்பது ஆண்டுகளாக நீண்டது. ஒவ்வொரு நிறுவனமும் கோபாலைத் தத்தம் விருப்பப்படி வளைத்து விற்றுவந்தது. தொகுப்பி விதிப்படி உள்ளதா என்று சோதிக்கும் சோதனை நிரல்களை அவர் குழுவினர் உருவாக்கினர். சொல்வதைச் செய்கிறதா என்று சோதித்துப் பார்த்த பின்னரே நம்புதல் என்னும் வழக்கம் இவ்வாறு வேரூன்றியது.

முதுமையில் நாடெங்கும் சென்று உரையாற்றினார். கையில் ஏறத்தாழ ஓரடி நீளமுள்ள கம்பித் துண்டுகளைக் கொண்டுசெல்வார். ஒரு வினாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்தில் ஒளி செல்லும் தொலைவு அது. அதன் ஆயிரம் மடங்கான கம்பிச் சுருளையும் தூக்கிக் காட்டுவார். செயற்கைக்கோள் வழியே செய்தி வர ஏன் காலம் ஆகிறது என்று தளபதிகளுக்கும், ஏன் நேரத்தை வீணாக்கலாகாது என்று நிரலெழுதுவோருக்கும் இவ்வொரு கம்பியாலேயே விளக்கினார். அவர் அறையில் ஒரு கடிகாரம் இடப்புறமாகச் சுழன்றது. வழக்கம் என்பதற்காகவே ஒன்றைச் செய்துவரும் மனப்பான்மையை அவர் அத்துணை வெறுத்தார்.

1986 ஆகஸ்ட் 14ஆம் நாள் பாஸ்டன் துறைமுகத்தில் கான்ஸ்டிட்யூஷன் என்னும் பழம்பெருங் கப்பலின் தளத்தில், தம் 79ஆம் வயதில், ரியர் அட்மிரல் பதவியில் இறுதி ஓய்வு பெற்றார். 1991இல் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் பெற்றார். 1992 ஜனவரி முதல் நாள் காலமானார். ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் படைமரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டார். 2016இல் அமெரிக்க அதிபரின் சுதந்திரப் பதக்கம் அவருக்கு மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. தாம் முனைவர் பட்டம் பெற்ற யேல் பல்கலைக்கழகம் 2017இல் தன் கல்லூரி ஒன்றுக்கு அவர் பெயரைச் சூட்டியது.

விட்டுச் சென்ற பணி

2010இல் கலிபோர்னியாவில் அமெரிக்க எரிசக்தித் துறையின் ஆய்வாளருக்கான கணக்கீட்டு மையம் நிறுவிய மீத்திறன் கணிப்பொறிக்கு ஹாப்பர் என்றே பெயர். அதில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்கீட்டுக் கருக்கள் இருந்தன. வினாடிக்கு மூன்று கூட்டல் செய்த மார்க் ஒன்று எங்கே, வினாடிக்குப் பத்துக் கோடி கோடிக் கணக்குகளைச் செய்த இப்பொறி எங்கே! 2022இல் என்விடியா நிறுவனம் வெளியிட்ட சில்லுத் தொகுதிக்கும் அம்மையாரின் பெயரே இடப்பட்டது. இன்று சொந்தமாகப் பெரும்பொறி இல்லாத ஆய்வாளரும் மேகக் கணிமை வழியே, தொலைவில் உள்ள கணிப்பொறிகளை மணிக்கணக்கில் வாடகைக்குப் பெற்றுத் தம் கணக்கை ஓட்ட முடிகிறது.

வேகம் வளர்ந்தது, சிக்கலின் இயல்பு மாறவில்லை. ஒரு பொறியில் ஓடிய நிரல் ஓராயிரம் கருக்களில் ஒருங்கே ஓடுவதற்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். பிரிக்கத் தெரியாவிடில் ஆயிரம் கருக்களுள் பெரும்பாலானவை சும்மா இருக்கும். மேகக் கணிமையில் அவற்றுக்கும் வாடகை ஏறும். முனைவர் பட்ட மாணவர் ஒருவர் எழுதிய நிரல், அவர் பட்டம் பெற்றுச் சென்றபின் எவருக்கும் விளங்காமல் போவதுண்டு. அதனைச் சீர்செய்து, சோதனைகள் சேர்த்து, கையேடு எழுதி, அடுத்தவர் கையில் கொடுப்பவர் வேண்டும். குறிப்பேடு, கையேடு, சரிபார்த்த துணைநிரல், சோதனை நிரல், பிழைப் பதிவேடு என்று ஹாப்பர் அம்மையாரும் தோழர்களும் கைக்கொண்ட கருவிகளே வேறு வடிவில் இன்றும் அவர்களுக்குத் துணை.

அவர்களுடைய குறையும் பழைய குறைதான். ஆய்வுக் கட்டுரையில் பேராசிரியர் பெயர் இருக்கும். நிரலைச் சீர்செய்தவர் பெயர் நன்றியுரையில் ஒரு வரியாக இருக்கும், சில சமயம் அதுவும் இராது. பட்டியலில் இடமில்லாத இப்பணிக்கு ஒரு பெயரும் பதவியும் வேண்டும் என்றே 2012இல் அப்பெயரை வகுத்தனர். 2019இல் பிரித்தானியாவில் இத்தொழிலுக்கெனச் சங்கமும் அமைந்தது. நூலின் முகப்பில் பெயரின்றிக் கையேடு எழுதிய பெண்மணிக்கு ஏழு பத்தாண்டு கடந்து கிடைத்த நீதி என்று இதனைக் கொள்ளலாம்.

நம் பள்ளியில் பயிலும் பிள்ளைகள் வீட்டில் பாட்டிக்கு மருத்துவர் சொன்னதைத் தமிழில் விளக்குகின்றனர். மருத்துவருக்குப் பாட்டியின் நோவை அந்நாட்டு மொழியில் விளக்குகின்றனர். அது சிறு வேலை என்று எவரும் எண்ண வேண்டா. இரு பக்கமும் புரிந்துகொண்டு, கூட்டாமல் குறைக்காமல், பிழையின்றிக் கொண்டுசேர்க்கும் அவ்வாற்றலே ஹாப்பர் அம்மையார் தம் வாழ்நாள் முழுவதும் பழகிய ஆற்றல். நம் செல்வங்களுள் சிலர் நாளை பெரும் ஆய்வாளர் ஆகலாம். சிலர் ஆய்வாளருக்குக் கைகொடுப்போர் ஆகலாம். இரண்டும் ஒப்ப உயர்ந்தவை. முன்னவர் ஆகுங்கால் பின்னவரின் பெயரைக் கட்டுரையில் எழுத மறவாதிருப்பார்களாக!